தகுதி பெற்ற தாய்

மலேசியாவின் மூவார் நகரத்தில் சோபாவுக்கு உறை தைக்கும் சந்திரமதிக்கு, உழைக்கும் பெற்றோர் மேம்பாட்டு வாரியம் உதவி செய்ய முன்வரும் வரைக்கும் தாங்க முடியாத தொல்லை என்று எதுவும் இருந்ததில்லை. புருஷன் ரூபேந்திரன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், மூன்று மாதம் காசு அனுப்பி, நாலாம் மாதம் கைப்பேசி எண்ணை மாற்றிக்கொண்டு மறைந்துபோனது ஒரு தொல்லைதான். ஆனால் அது நடந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அழ வேண்டியதையெல்லாம் அவள் அழுது முடித்திருந்தாள்.

மகள் யாஷ்வினிக்கு இரண்டரை வயது. தினமும் காலை ஏழு மணிக்கு அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் இருக்கும் பரக்கத் நிஷா வீட்டில் பிள்ளையை விட்டுவிட்டு, சந்திரமதி மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தொழிற்சாலைக்குப் போவாள். நிஷாவுக்கு ஐம்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் புருஷன் ஜெய்னுலாபுதீன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போடுகிறவர். பெற்ற பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு ஊருக்குப் போய்விட, நிஷா அந்த மாடிகளில் வேலைக்குப் போகும் அம்மாக்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். மொத்தம் ஆறு பிள்ளைகள். யாஷ்வினி வேறு யார் ஊட்டினாலும் துப்பிவிடுவாள். நிஷா பருப்புச் சோற்றில் நெத்திலியை நொறுக்கிப் போட்டுப் பிசைந்தால் மட்டும் வாயைத் திறப்பாள். மாசக் கடைசியில் கொடுப்பதை நிஷா எண்ணிப் பார்க்கமாட்டாள். ஒரு மாதம் சந்திரமதியால் கொடுக்க முடியாமல் போனபோது, "புள்ளைக்கு முதல்ல செருப்பு வாங்கு. காலு சுடுதுங்குது," என்று மட்டும் சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாரியத்தின் வேன் அடுக்குமாடிக்கு வந்தது. ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டார்கள். வழவழப்பான தாளில் அச்சடித்த விளம்பரத்தைக் கொடுத்தார்கள். அதில் ஒரு பெண் ஒரு கையில் மடிக்கணினியும் மறு கையில் குழந்தையுமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். வேலைக்குப் போகும் ஏழைப் பெற்றோருக்குக் குழந்தைக் காப்பகக் கட்டணத்தில் முக்கால் பங்கை வாரியமே கொடுக்குமாம். திட்டத்தின் பெயர் 'கைகொடுப்போம்'.

சந்திரமதிக்கு உடனே தோன்றியது ஒன்றுதான். இந்தக் காசு கிடைத்தால் நிஷா அக்காவுக்கு மாசா மாசம் ஒழுங்காக ஒரு தொகை கொடுக்கலாம்.

ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வாரியத்துக்குப் போனாள். அங்கே விண்ணப்பங்களைப் பார்த்தவர் திருச்செல்வம். அன்பான மனிதர். வந்தவர்களை உட்காரவைத்து, தண்ணீர் பாட்டில் கொடுத்து, அதன் பிறகுதான் இல்லை என்று சொல்வார். பதினான்கு பக்க ஃபாரத்தை அவளோடு சேர்ந்து பொறுமையாக நிரப்பினார். 'தற்சமயம் பிள்ளையைப் பராமரிப்பவர்' என்ற இடத்தில் சந்திரமதி நிஷாவின் முழுப்பெயரையும் வீட்டு எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதினாள். 'பராமரிக்கப்படும் மற்ற பிள்ளைகள்' என்ற இடத்தில் ஐந்து என்று எழுதினாள். பெருமையாகத்தான் எழுதினாள்.

பத்தாம் பக்கத்தில் கணவர் கையெழுத்துப் போட வேண்டிய கட்டம் இருந்தது.

"அவரு காணாமப் போயிட்டாரு சார்."

"அதுக்கும் இடம் இருக்கு தங்கச்சி. பின்னால பாருங்க, இணைப்பு 'சி'. கணவர் காணாமப் போனதை உறுதிப்படுத்துற ஃபாரம்."

சந்திரமதி திருப்பிப் பார்த்தாள். அதன் அடியிலும் கணவர் கையெழுத்து கேட்டிருந்தது.

"காணாமப் போனவரு எப்படி சார் கையெழுத்துப் போடுவாரு?"

திருச்செல்வம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது நல்ல கேள்வி. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. பொதுவா இந்தப் பக்கம் வந்ததும் எழுந்து போயிருவாங்க."

பொலீஸ் புகாரின் நகலைக் கொண்டுவந்தால் மேலிடத்தில் பேசிப் பார்ப்பதாகச் சொன்னார். அவள் இன்னொரு நாள் லீவு போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஆறு வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள். மூன்றாவது லீவு.

"கணவர் விஷயம் முடிஞ்சிருச்சு," என்று மலர்ந்த முகத்தோடு வரவேற்றார் திருச்செல்வம். "இப்ப சம்பளம்தான் இடிக்குது. நீங்க சட்டத்தை மதிக்கிற முதலாளிகிட்ட முழு நேரம் வேலை செய்யணும். அது சரியா இருக்கு. ஆனா சம்பளம், சட்டம் சொல்ற குறைஞ்சபட்சச் சம்பளத்துக்குக் கீழ இருக்கணும்."

சந்திரமதி யோசித்தாள். "சட்டத்தை மதிக்கிற முதலாளி எப்படி சார் சட்டத்துக்குக் கீழ சம்பளம் குடுப்பாரு?"

"குடுக்கமாட்டாரு."

"அப்ப இந்தக் காசு யாருக்குத்தான் கிடைக்கும்?"

"அந்த ஆளைத்தான் நாங்களும் மூணு வருஷமாத் தேடிக்கிட்டிருக்கோம்," என்றார் திருச்செல்வம் மனப்பூர்வமான வருத்தத்தோடு.

சந்திரமதி இரண்டு நாள் இதையே நினைத்துக்கொண்டு தைத்தாள். மூன்றாம் நாள் முதலாளி தவுக்கே லிம்மின் அறைக்குப் போய், சம்பளத்தைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்டாள். முப்பது வருஷமாகத் தொழிற்சாலை நடத்தும் லிம், சாப்பிட்டுக்கொண்டிருந்த மீ நூடுல்ஸை அப்படியே வைத்துவிட்டார்.

"உனக்கு உடம்புக்கு என்ன?" என்று மலாயில் கேட்டார்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். லிம் தலையில் கை வைத்துக்கொண்டார். "அலமாக்! குறைச்சுக் குடுத்தா என்னைப் பிடிச்சு அபராதம் போடுவாங்க லா. நீ கேட்டேன்னு சொன்னா எவன் நம்புவான்?" கடைசியில், வெள்ளிக்கிழமைகளில் அரை நாள் வேலை, அதற்கேற்ற சம்பளம் என்று ஒரு வழி கண்டுபிடித்தார். சம்பளம் வாரியம் சொன்ன கோட்டுக்குக் கீழே சரியாகப் போய் நின்றது.

புதுச் சம்பளச் சீட்டோடு போனவளைப் பார்த்துத் திருச்செல்வம் உச்சுக்கொட்டினார். "அவசரப்பட்டுட்டீங்களே! அரை நாள் குறைஞ்சா முழு நேர வேலைன்னு எடுத்துக்க முடியாதே. முழு நேரம் வேலை செய்யாத தாய்க்குக் காப்பகம் எதுக்குன்னு மேல கேப்பாங்க."

சந்திரமதியின் கண் கலங்கியது. அவரால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வேறு ஒரு சலுகை இருக்கிறது என்றார். காப்பகத்துக்குக் கட்டும் காசை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம்.

"நான் வரி கட்டுறதே இல்ல சார். அந்த அளவுக்குச் சம்பளம் வரல."

"பார்த்தீங்களா, அடிப்படைப் பிரச்சனையே அதுதான்," என்று விளக்கினார் திருச்செல்வம். "முதல்ல வரி கட்டுற அளவுக்குச் சம்பாதிங்க. அதுக்கப்புறம் உதவி தானா வரும். நான் வரி கட்டுறேன், எனக்கு வருதே!"

இருந்தாலும் ஃபாரத்தைத் தள்ளிவிடாமல் 'சிறப்புப் பரிசீலனை' என்ற கோப்பில் வைத்தார். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. 'வேலையும் தாய்மையும்: நேரத்தை நிர்வகிப்பது எப்படி' என்ற ஒரு நாள் பயிலரங்கில் கலந்துகொள்ள வேண்டும். புதன்கிழமை காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை. பிள்ளைகளைக் கூட்டி வரக்கூடாது.

ஐந்தாவது லீவு கேட்டபோது லிம் கையை மட்டும் அசைத்தார்.

பயிலரங்கில் அறுபது அம்மாக்கள் இருந்தார்கள். குளிர்சாதனம் பல்லைக் கிட்டிக்கவைத்தது. பேச வந்த பெண்மணி, விடிகாலை எழுந்து அரை மணி நேரம் தியானம் செய்யுங்கள், பிறகு பணிப்பெண்ணிடம் அன்றைய வேலைகளைப் பட்டியல் போட்டுக் கொடுத்துவிடுங்கள், பாதி நாள் மிச்சமாகும் என்றார். பணிப்பெண் இல்லாதவர்கள் என்ன செய்வது என்று பின்வரிசையில் ஒருத்தி கேட்டாள். பேச்சாளர் சிறிது யோசித்து, பட்டியலை மட்டுமாவது போடுங்கள் என்றார். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். சந்திரமதியும் எழுதிக்கொண்டாள்.

சாயங்காலம் மோட்டாரை நிறுத்தும்போதே கீழ்த்தளத்தில் கூட்டம் தெரிந்தது. நிஷா வீட்டுக் கதவில் வாரியத்தின் சிவப்புத் தாள் ஒட்டியிருந்தது. பிள்ளைகளின் சின்னச் செருப்புகள் படிக்கட்டு வரைக்கும் சிதறிக் கிடந்தன. யாஷ்வினி நிஷாவின் மடியில் முகத்தைப் புதைத்திருந்தாள்.

மத்தியானம் வாரியத்தின் கண்காணிப்புப் பிரிவிலிருந்து நாலு பேர் வந்தார்களாம். பதிவில்லாத காப்பகம், ஒரு விண்ணப்பத்தின் மூலம் தெரியவந்தது என்றார்களாம். மிகவும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். அறிக்கையின் நகல் ஒன்றையும் நிஷாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். 'பிள்ளைகள் சுத்தமாகவும், சாப்பிட்டும், உறங்கிக்கொண்டும் இருந்தனர். ஆகவே இங்குள்ள ஆபத்து வெளிப்பார்வைக்குத் தெரியவில்லை' என்று அதில் இருந்தது. பதிவு செய்துகொள்ள வேண்டுமானால் இரண்டு வெளிவாசல், தனிச் சமையலறை, விளையாட்டுத் திடல், நடத்துகிறவருக்கு ஒரு டிப்ளோமா. நிஷாவின் வீட்டில் மொத்தமே இரண்டு அறை.

"எந்தப் புள்ளையோட அம்மா என் பேரைக் குடுத்தாளோ, தெரியல," என்றாள் நிஷா, யாரையும் பார்க்காமல்.

சந்திரமதி பேசாமல் இருந்திருக்கலாம். அங்கே நின்ற மற்ற நாலு அம்மாக்களில் யாருக்கும் தெரிந்திருக்காது.

"நான்தான்க்கா. அந்தக் காசு வந்தா உங்களுக்குக் குடுக்கலாம்னு எழுதினேன். உங்களுக்கு வரும்னு நெனச்சேன்."

நிஷா யாஷ்வினியின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள். "நல்லதுக்குத்தான் செஞ்சிருக்கே," என்றாள். பிறகு பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அந்தக் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் சந்திரமதி அன்றைக்குக் கொஞ்சமாவது தூங்கியிருப்பாள்.

மூன்றாம் மாடி ஷர்மினி அப்படிப் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை அவளுக்கு, இரட்டைப் பிள்ளைகள். "உனக்கு நாலு காசு கூட வேணும்னு எங்க எல்லார் சோத்துலயும் மண்ணப் போட்டுட்டியேடி," என்று படிக்கட்டில் நின்று கத்தினாள். அடுத்த வாரம் ஷர்மினி வேலையை விட்டாள். அதன் பிறகு படியில் எதிரே வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள்.

பதிவு பெற்ற காப்பகம் ஒன்று ஊரில் இருந்தது. சுவரெல்லாம் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் வரைந்திருந்தார்கள். காலை எட்டரைக்குத் திறப்பார்கள், மாலை ஐந்துக்கு மூடுவார்கள். தொழிற்சாலை ஏழரை முதல் ஆறு. கட்டணத்தைக் கேட்டபோது, சம்பளத்தில் பெரும்பங்கை அங்கே கொடுத்துவிட்டு மீதியில் மோட்டாருக்கு எண்ணெய் ஊற்றத்தான் முடியும் என்று தெரிந்தது. வாரியத்தின் அனுமதிக் கடிதம் இருந்தால் குறைப்போம் என்றார்கள். திருச்செல்வத்துக்குப் போன் செய்தாள். கோப்பு இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது, ஆனால் பராமரிப்பவர் என்று எழுதிய இடம் இப்போது மூடப்பட்டுவிட்டதால் ஃபாரத்தை முதலிலிருந்து நிரப்ப வேண்டியிருக்கும் என்றார்.

நாலு நாள் பிள்ளையைத் தொழிற்சாலைக்கே கூட்டிப் போனாள். தையல் மேசைக்கு அடியில், வெட்டிப்போட்ட பஞ்சுத் துண்டுகளின் மேல் யாஷ்வினி உட்கார்ந்திருந்தாள். பசை நெடியில் இருமினாள். நாலாம் நாள் மரச்சட்டத்தில் துணி அடிக்கும் ஸ்டேப்ளர் துப்பாக்கியை எடுத்து, அதன் வாயைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மேசைக்காரி பாய்ந்து பிடுங்கினாள். லிம் அறையிலிருந்து ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"நான் கெட்டவன் இல்ல, சந்திரா," என்றார். "ஆனா இதுக்கு மேல முடியாது. புள்ளைய எங்கேயாவது விடு. இல்லேன்னா நீ வீட்டுல இரு."

வீட்டில் இருந்தால் வீட்டு வாடகை யார் கொடுப்பது? அந்தச் சனிக்கிழமை சந்திரமதி பிள்ளையின் உடுப்புகளை ஒரு பையில் அடுக்கினாள். அவளுடைய அண்ணன் சதாசிவம் கோத்தா திங்கிக்கு அந்தப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறான். அண்ணி ராஜம்மா வீட்டில் இருப்பவள். மூன்று பிள்ளைகளோடு நாலாவதாக வளரட்டும், ஒரு வருஷம்தானே என்றார்கள். திரும்பும்போது பிள்ளை அழுவாள் என்று பயந்து, தூங்கும் நேரம் பார்த்துக் கிளம்பினாள். யோகூர் பாருவில் பஸ் மாறும்போதுதான், சொல்லாமல் போனது ரூபேந்திரன் செய்த அதே காரியம் என்று உறைத்தது. அங்கேயே ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

அதன் பிறகு சந்திரமதி நன்றாக வேலை செய்தாள். வெள்ளிக்கிழமையும் முழு நாள் போனாள். ஓவர்டைம் என்றால் முதல் ஆளாகப் பேர் கொடுத்தாள். வீட்டுக்குப் போய் என்ன செய்வது? மாதம் ஒரு தடவை கோத்தா திங்கிக்குப் போய்வந்தாள். சம்பளம் கூடியது. கூடியதில் பாதி ராஜம்மாவுக்கும் பஸ்ஸுக்கும் போனது.

எட்டு மாதம் கழித்துத் திருச்செல்வம் போன் செய்தார்.

"வாழ்த்துகள் தங்கச்சி! உங்களைத் தேர்ந்தெடுத்திருக்காங்க."

"காசு வருதா சார்?"

"காசு இல்ல. பிள்ளை உங்ககூட இல்லாததால விண்ணப்பம் தானாவே ரத்தாயிருச்சு. இது அதைவிடப் பெரிசு. நீங்கதான் இந்த வருஷத்தோட முன்மாதிரித் தாய்."

சனிக்கிழமை காலை மண்டபத்தில் விழா. பூமாலை, கொம்பாங் மேளம், கேக். வாரியத்தின் தலைவி பட்டுச் சட்டையில் வந்து மேடையேறினார்.

"மூன்று வருஷத்தில் நாலாயிரம் விண்ணப்பங்கள் வந்தன," என்று தொடங்கினார். "ஒதுக்கிய நிதியில் ஒரு வெள்ளிகூடத் தவறான கைக்குப் போகவில்லை. ஏன், ஒரு வெள்ளிகூடக் குறையவே இல்லை! எத்தனை வாரியங்களால் இப்படிச் சொல்ல முடியும்?"

கைத்தட்டல். தலைவி சந்திரமதியின் தோளில் கை வைத்தார்.

"இந்தச் சகோதரி நம்மிடம் வந்தபோது பிள்ளையை அனுமதியில்லாத ஓர் இடத்தில் விட்டிருந்தார். அடிக்கடி லீவு எடுத்தார். அந்த லீவெல்லாம் எங்கே போனது தெரியுமா? நம்மைப் பார்க்க வருவதில்! இன்றைக்கு ஒரு நாள் லீவு கிடையாது. ஓவர்டைம் செய்கிறார். வேலை, பிள்ளை என்ற இரண்டுக்கும் நடுவில் திண்டாடியவருக்கு இன்று அந்தத் திண்டாட்டமே இல்லை. இத்தனைக்கும் நாம் அவருக்குக் கொடுத்தது ஒன்றுமே இல்லை. ஒன்றுமே கொடுக்காமல் ஒரு தாயை முழு நேர வேலையில் நிறுத்த முடியும் என்று நிரூபித்திருக்கிறோம். அடுத்த வருஷம் இதையே மாநிலம் முழுக்கச் செய்வோம்!"

இன்னும் பலமான கைத்தட்டல். கண்ணாடித்தாள் சுற்றிய பெரிய பரிசுக் கூடையைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள். படம் எடுப்பவர் பாவம், வியர்க்க வியர்க்க நின்றிருந்தார். அவருக்காகச் சிரித்தாள்.

கீழே இறங்கியதும் திருச்செல்வம் அவளை ஓரமாகக் கூப்பிட்டார். அவர் முகத்தில் அன்றைக்குத்தான் முதல் முறையாகத் தூக்கமில்லாத களைப்பு தெரிந்தது.

"ஒரு சின்ன உதவி, தங்கச்சி. என் மக வாசுகிக்குக் குழந்தை பொறந்திருக்கு. டீச்சர் வேலை, திங்கக்கிழமை திரும்பப் போகணும். பதிவான காப்பகத்துல ஆறு மாசத்துக்குக் கீழ எடுக்கமாட்டேங்கிறாங்க. அந்த நிஷா அம்மா... இப்பவும் பிள்ளை பார்ப்பாங்களா? நல்லவங்கன்னு ரிப்போர்ட்லயே எழுதியிருந்துச்சு."

சந்திரமதி கூடையைக் கீழே வைத்தாள். அவரைத் திட்ட வேண்டும் என்று இருந்தது. ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அவர் உண்மையிலேயே பிள்ளைக்காகத் தவித்துக்கொண்டு நின்றார். அந்தத் தவிப்பு அவளுக்குத் தெரியும்.

"அவங்க வீட்டுக்காரரு ரொட்டி போடுற கடையிலேயே இப்ப அவங்களும் பாத்திரம் கழுவுறாங்க சார்."

"நீங்க சொன்னா கேப்பாங்கல்ல?"

"நான் இனிமே அவங்ககிட்ட எதையும் கேக்க முடியாது. நீங்களே போங்க. நாலு மணிக்கு மேல கொஞ்சம் ஓய்வா இருப்பாங்க."

திருச்செல்வம் நேரத்தைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டு, மூன்று தடவை நன்றி சொன்னார்.

அவள் மண்டபத்திலிருந்து நேராகப் பஸ் ஏறினாள். கூடையை வைக்க இடமில்லாமல் யோகூர் பாரு வரைக்கும் மடியிலேயே வைத்திருந்தாள். கோத்தா திங்கியில் சதாசிவம் மோட்டாரோடு காத்திருந்தான். தோட்டத்து வீட்டுக்குப் போய்ச் சேரும்போது மணி ஆறு. ராஜம்மா கண்ணாடித்தாளைப் பிரித்தாள். பிறந்த குழந்தைக்கான பால்மாவும் பச்சைக் குழந்தைக்கான டயப்பரும் இருந்தன.

"இவளுக்கு மூணு வயசு தாண்டிருச்சே," என்று சிரித்தாள் ராஜம்மா. பிறகு சந்திரமதியின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, தேத்தண்ணி போட உள்ளே போனாள்.

யாஷ்வினி வாசலில் உதிர்ந்த செம்பனைப் பழங்களைப் பொறுக்கி வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள். உயரமாகிவிட்டாள். முடியை ராஜம்மா இரண்டு பக்கமும் பின்னி விட்டிருந்தாள். சந்திரமதி பக்கத்தில் போய்க் குந்தினாள். பிள்ளை ஒரு பழத்தை எடுத்து அவள் கையில் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் அவளையே பார்த்தது.

"நீங்க எப்ப வேலைக்குப் போவீங்க?"

"நாளைக்குடா கண்ணு. நாளைக்குச் சாயங்காலம்."

யாஷ்வினி தலையாட்டினாள். வாளியை அங்கேயே போட்டுவிட்டுச் சமையற்கட்டுப் பக்கம் ஓடினாள். அவள் குரல் உள்ளேயிருந்து தெளிவாகக் கேட்டது.

"அம்மா, அவங்க நாளைக்குப் போயிருவாங்களாம்."

"என்னை அத்தைன்னு கூப்பிடு," என்றாள் ராஜம்மா பதறிப்போய், தாழ்ந்த குரலில்.